ஐந்தாவது வாய்

எங்கள் வீட்டில் பல் தீட்டாதவர்களுக்குத் தேத்தண்ணி கிடையாது. காய்ச்சலில் கிடந்தாலும் சரி, குண்டு போடும் பொம்பருக்குப் பயந்து பங்கருக்குள் குந்தியிருந்துவிட்டு வந்தாலும் சரி, முதலில் கிணற்றடி, பிறகுதான் குசினி. தீட்டாத வாயால் அம்மாவோடு ஒரு சொல் கதைக்கவும் முடியாது. "எச்சில் வாயோடை என்ன கதை? போய்த் தீட்டிப்போட்டு வா" என்று கையாலேயே துரத்துவார். இந்தச் சட்டத்தை மீறித்தான் நான் பட்டம் வாங்கினேன். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. கோப்பாயிலிருந்து ஒவ்வொரு நாளும் சைக்கிள் மிதித்துப் பல்கலைக்கழகம் போய்வந்துகொண்டிருந்தேன். விஞ்ஞானம், இறுதி வருடம். மின்சாரம் போய் இரண்டு வருடமாகியிருந்தது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, சவர்க்காரத்துக்கு வரிசை. பற்பசை இருந்த கடைகளில் விலையைக் கேட்டாலே பல் கூசும். ஆகவே குடாநாடு முழுக்க வேப்பங்குச்சி, உமிக்கரி, உப்பு என்று இறங்கிவிட்டது. எங்கள் வீட்டில் அது எப்போதும் அப்படித்தான், அதனால் அம்மாவுக்கு இதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

ஆனால் அம்மாவின் வாய்தான் பழுதாகிக்கொண்டிருந்தது. பல்லைப் பிடித்திருக்கும் முரசு வீங்கி, சிவந்து, சோறு சாப்பிட்டாலே இரத்தம் கசியும். முன்பற்கள் நான்கும் ஆடின. வாயில் மணம் வந்துவிட்டது என்று தானே தீர்மானித்துக்கொண்டு, யாரோடு கதைத்தாலும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வார். மூன்று வருடமாக அம்மா சிரித்ததை நான் கண்ணால் கண்டதில்லை, சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறேன். பல் டொக்டர் பார்த்துவிட்டு, நாலையும் பிடுங்க வேண்டும், விறைப்பூசி வந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்றார். பொருளாதாரத் தடையில் ஊசி வரவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊசியைத் தடுத்தவர்கள்மீது ஒரு பங்கு, அப்படியே பொத்திக்கொண்டு இருந்துவிட்ட அம்மாமீது ஒரு பங்கு.

இறுதி வருட ஆய்வுக்கு என்ன தலைப்பு என்று விரிவுரையாளர் கேட்டபோது அந்த ஆத்திரம்தான் பேசியது. முரசைத் தின்னும் பற்றீரியாக் கிருமிகளைப் பற்றிச் செய்யப்போகிறேன் என்றேன். அவற்றைக் கொல்வது எனக்கு முக்கியமில்லை. அவை முரசையும் கன்னத்தையும் மூடியிருக்கும் உயிர்க்கலங்களில் முதலில் போய் ஒட்ட வேண்டும். ஒட்டினால்தான் குடியிருக்கலாம், ஒட்டாவிட்டால் எச்சிலோடு தொண்டைக்குள் போய்த் தொலைய வேண்டியதுதான். அந்த ஒட்டலைத் தடுக்கும் சாறு ஏதாவது எங்கள் வேலியோரம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் எண்ணம்.

எங்கள் வேலியோரம் முழுக்க நாயுருவி. கிட்டப் போனால் போதும், அதன் விதை சேலையில் தொற்றிக்கொண்டு வீடுவரைக்கும் வரும். அதன் வேரால் பல் தீட்டுகிற பழக்கமும் ஊரில் சிலருக்கு இருந்தது. கண்டவர் சேலையில் எல்லாம் ஒட்டுகிற செடி, பற்றீரியாவை ஒட்டவிடாமல் செய்யுமோ என்று பார்க்க எனக்குப் பெரிய ஆசை.

"இந்த நிலைமையிலை உது சரிவராது," என்றார் விரிவுரையாளர். "கரண்ட் இல்லை. பற்றீரியாவை எந்தச் சூட்டிலை வளர்ப்பீர்? லேசா ஏதும் எடும்."

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் 'இந்த நிலைமையிலை' என்ற அந்த வார்த்தையை அந்த வருடங்களில் நான் எத்தனை வாயிலிருந்து கேட்டிருப்பேன்! இந்த நிலைமையில் கலியாணம் வேண்டாம், இந்த நிலைமையில் படிப்பு எதற்கு, இந்த நிலைமையில் இது காணும், போதும். காணாது என்று சொல்ல ஒருவருமில்லை.

"காணாது சேர். நான் உதைத்தான் செய்வன்," என்றேன்.

செய்தேன். ஆஸ்பத்திரியில் எறியும் ஊசிமருந்துப் போத்தல்களைப் பொறுக்கி அவித்து எடுத்தேன். விறைப்பூசி இல்லாமலே பல் பிடுங்கியவர்களின் பல்லில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி, இறைச்சிச் சாறு நிரப்பிய அந்தப் போத்தல்களில் விட்டேன். இந்தச் சாதிப் பற்றீரியாவுக்குக் காற்றுப் பட்டால் சீவன் போய்விடும். ஆகவே போத்தலைக் கழுத்துவரை நிரப்பி மூடி, மேலே மெழுகு உருக்கி ஊற்றினேன். இறைச்சியை அவித்துச் சாறாக்கித் தந்தவளும், தேவாலயத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகைப் பொறுக்கித் தந்தவளும் குருநகரைச் சேர்ந்த என் சிநேகிதிதான். கலங்களுக்கு நிறமூட்ட, வாய்ப்புண்ணுக்குப் பூசும் ஊதா மருந்து. நுணுக்குக்காட்டிக்கு யன்னலால் வரும் வெயில். சூடு ஒன்றுதான் மிச்சம்.

அதற்குத் தீர்வு எங்கள் வீட்டுக் கோழிக்கூட்டில் உட்கார்ந்திருந்தது. அடைக்கோழியின் வயிற்றுக்குக் கீழே மனித உடம்பின் சூடுதான் ஏறக்குறைய. போத்தல்களைச் சீலையில் சுற்றி, முட்டைகளுக்கு நடுவே வைத்தேன். கோழி ஒரு கொத்துக் கொத்திவிட்டு, முட்டையோடு சேர்த்து அவற்றையும் புரட்டிப் புரட்டி வளர்த்தது. பொம்பர் வந்தால் எல்லாரும் பங்கருக்குள் ஓட, நான் கோழிக்கூட்டடிக்கு ஓடினேன். கோழி பயந்து எழும்பினால் சூடு போய்விடும்.

அம்மா ஒருநாள் முட்டை பார்க்கப் போய்க் கையில் போத்தலோடு வந்தார்.

"என்னடி இது?"

"வாய்க்குள்ளை இருக்கிற பற்றீரியா, அம்மா."

"ஆரின்ரை வாய்?"

"தெரியாது. ஆஸ்பத்திரியிலை எடுத்தது."

"என்னத்திலை வளருது?"

பொய் சொல்லியிருக்கலாம். "மாட்டிறைச்சிச் சாறிலை," என்றேன்.

நாங்கள் வெள்ளியும் செவ்வாயும் மட்டுமல்ல, எல்லா நாளும் மச்சமாமிசம் தொடாத வீடு, கோழி வளர்த்ததும் விற்கத்தான். அம்மா போத்தலைப் பிடித்திருந்த கையை உடம்பிலிருந்து எட்டத் தள்ளி வைத்துக்கொண்டார். "ஊரான்ரை எச்சிலை மாட்டுச் சாறிலை போட்டு என்ரை கோழிக்குக் கீழை வளர்க்கிறாய்! உனக்கு விசரே? உந்தக் கையாலை ஆருக்கடி நாளைக்குச் சோறு போடப்போறாய்?" அன்று முழுக்க ஏச்சு. ஆனால் போத்தல்களை வெளியே எறியவில்லை. அதை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

மிச்சமெல்லாம் சின்ன வேலை. ஒருவர் வாயைத் திறந்து, அவித்த ஐஸ்பழக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை மெதுவாக வழித்தால் கலங்கள் வந்துவிடும். அவற்றை இரண்டு பங்காக்க வேண்டும். ஒரு பங்கை நாயுருவிச் சாற்றில் ஊறவைக்க வேண்டும், மற்றதை வெறும் உப்புத் தண்ணீரில். பிறகு இரண்டிலும் பற்றீரியாவை விட்டு, கழுவி, நிறமூட்டி, எதில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று எண்ண வேண்டும். ஐந்து பேர் வாய் தர ஒத்துக்கொண்டார்கள். காலையில் பல் தீட்டாமல், கொப்பளிக்காமல் வரவேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஐந்து பேரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள்.

எண்ணிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்றுதான். சாற்றில் ஊறிய கலத்திலும் அங்கொன்று இங்கொன்று, ஊறாத கலத்திலும் அங்கொன்று இங்கொன்று. நாயுருவி ஒன்றுமே செய்யவில்லை. மூன்று தரம் திருப்பிச் செய்தேன், மூன்று தரமும் அதே கதை.

"வித்தியாசம் இல்லை எண்டு எழுதிப்போட்டு முடியும்," என்றார் விரிவுரையாளர். "இந்த நிலைமையிலை உவ்வளவும் செய்ததே பெரிய விசயம். ஒருத்தரும் உம்மைக் குறை சொல்லமாட்டினம்."

எழுத உட்கார்ந்தேன். பேனை ஓடவில்லை. கடைசியாக ஒருதரம் பார்ப்போம் என்று நுணுக்குக்காட்டிக்குக் கீழே ஒரு கண்ணாடித் துண்டை வைத்தேன். அது ஆய்வுகூடத்தில் வேலைசெய்த அண்ணையின் கன்னம். ஊதா நிறக் கலத்தின் ஓரத்தில் கருப்பாகக் கூரிய சின்னத் துண்டுகள் சில கிடந்தன. பற்றீரியாவுக்கு அந்த வடிவமில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் விளங்கியது, அது உமிக்கரி.

எழும்பிப் போய் அவரைப் பிடித்தேன். "அண்ணை, நீங்கள் பல்லுத் தீட்டிப்போட்டே வந்தனீங்கள்?"

அவர் நெளிந்தார். "சும்மா ஒருக்காத் தங்கச்சி. படிச்ச பிள்ளைக்கு முன்னாலை எச்சில் வாயைத் திறக்கேலுமே?"

மற்ற நான்கு பேரையும் கேட்டேன். ஒருவர் வேப்பங்குச்சி. ஒருவர் உப்பு. குருநகர்ச் சிநேகிதிகூட வேப்பங்குச்சியும் உப்பும். வகுப்புப் பெடியன் ஒருவன், நான் கிட்ட வந்து வாய்க்குள் பார்ப்பேனே என்று அன்றைக்கு மட்டும் இரண்டு தரம் தீட்டியிருந்தான்! எனக்கு மரியாதை தருவதற்காக ஐந்து பேரும் சேர்ந்து என் ஆய்வின் கழுத்தை அறுத்திருந்தார்கள். வேம்பும் கரியும் ஏற்கெனவே துடைத்து மெழுகிவிட்ட கலத்தில் பற்றீரியா எப்படி ஒட்டும்? நாயுருவிக்கு அங்கே செய்ய வேலையே இருக்கவில்லை.

நான் இரண்டு நாள் பல் தீட்டாமல் இருந்தேன். அம்மா தேத்தண்ணி தரவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. என் கன்னத்துக் கலத்தை வைத்துச் செய்து பார்த்தபோது வித்தியாசம் கண்ணில் அடித்தது. ஓடிப்போய்க் காட்டினேன்.

விரிவுரையாளர் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உம்மடை வாய், உம்மடை கண், உம்மடை எண்ணிக்கை. ஆர் நம்புவினம்? அஞ்சு பேர் வேணும். ரெண்டு நாள் ஒண்டும் போடாத வாய் அஞ்சு. எது எந்தப் பக்கம் எண்டு தெரியாமல் நான் எண்ணுவன். அஞ்சு இல்லாட்டில் வித்தியாசம் இல்லை எண்டுதான் எழுதோணும். வாற வெள்ளி கடைசி."

வெள்ளி என்றது எனக்கும் பொருத்தம், ஏனென்றால் கோழிக்கும் அன்றுதான் இருபத்தோராம் நாள். குஞ்சு பொரித்தால் கோழி எழும்பிவிடும், போத்தல்கள் ஆறிவிடும். வேறு அடைக்கோழி எங்கள் வளவில் இருக்கவில்லை.

அன்று பின்னேரம் வீட்டில் சன்னதம் ஆடினேன். அம்மா முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். "இருக்கிறதை இல்லையெண்டு எழுதட்டாம்! நாலு பேரிட்டைச் சத்தியம் வாங்கிப்போட்டன். அஞ்சாவது ஆள் அந்த ரெண்டுதரம் தீட்டினவன். அவனை நான் நம்பேல்லை. கட்டாயம் தீட்டிப்போட்டுத்தான் வருவான். உங்களை மாதிரி ஆக்களிலை ஒருத்தருக்கும் ரெண்டு நாள் ஊத்தை வாயோடை இருக்கத் தைரியமில்லை!"

அம்மா அடுத்த காயை எடுத்தார். தலைப்பை வாயைச் சுற்றிச் செருகியபடி வெட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளி காலை கூட்டுக்குள் கீச் கீச் என்றது. ஒரு முட்டை வெடித்திருந்தது. போத்தல்களை எடுத்து, சூடு போகாமல் இடுப்போடு கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். அண்ணை வந்தார், வாயைத் திறக்கவே வெட்கப்பட்டுக்கொண்டு. சிநேகிதி வந்தாள், என்னை முறைத்துக்கொண்டு. மற்ற இருவரும் வந்தார்கள். நான்கு பேரின் கலங்களும் ஆயத்தம். ஐந்தாமவன் வந்தான், முகம் பளபளவென்று, நெற்றியில் திருநீறு.

"வெள்ளிக்கிழமையல்லோ. தீட்டாமல் கோயிலுக்குப் போக அம்மா விடேல்லை," என்றான்.

யன்னலடியில் போய் நின்றேன். அந்த வெயில் இன்னும் ஒரு மணித்தியாலம் நிற்கும், பிறகு சுவருக்குப் பின்னால் போய்விடும். அழுகை வந்தது, அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் வாசலில் அம்மாவைக் கண்டேன். கோவிலுக்கு உடுக்கும் சேலை, காலெல்லாம் புழுதி. கோப்பாயிலிருந்து நடந்து வந்திருக்கிறார். வாய் வழமைபோலப் பொத்தியிருந்தது.

"என்னம்மா? வீட்டிலை ஏதுமோ?" என்று பதறினேன்.

அம்மா இல்லையென்று தலையை ஆட்டினார். கையை நீட்டி ஐஸ்பழக் குச்சியைக் காட்டினார். பிறகு இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு நாள்.

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. புதன்கிழமை பின்னேரம் "சாமி விளக்கை இனி நீ ஏத்து" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் எனக்குச் சொல்லி அனுப்பியது. விரதம் என்று வெறும் தண்ணீரோடு இருந்தது. இரண்டு காலையும் குசினியில் ஒரேயொரு தேத்தண்ணிக் கோப்பை மட்டும் இருந்தது, அது என்னுடையது. அம்மா என்னோடு ஒரு சொல் கதைக்காததைக் கோபம் என்று நினைத்துக்கொண்டு நானும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். வழியில் மூன்று தெரிந்தவர்கள் மறித்து எங்கே போகிறாய் என்று கேட்டும் அம்மா வாய் திறக்கவில்லையாம். பிறகு அவர்கள்தான் சொன்னார்கள், உன் தாய்க்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று.

விரிவுரையாளர் கிட்ட வந்தார். ஆண்கள் மூன்று பேர் நிற்கிற இடம். அம்மா தலைப்பை இறக்கினார். மூன்று வருடம் நான்கூடப் பார்க்காத அந்த வாயை, ஆடும் பல்லும் வீங்கிய முரசும் இரத்தமும் இரண்டு நாள் ஊத்தையுமாக, எல்லாருக்கும் முன்னால் திறந்தார். குச்சியை வாய்க்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, சும்மா வழி என்பதுபோல ஒரு இழுவை இழுத்தார்.

ஐந்து பேரின் கண்ணாடித் துண்டுகளையும் விரிவுரையாளர் எண்ணினார். எது சாற்றில் ஊறியது, எது ஊறாதது என்று எனக்கும் அண்ணைக்கும் மட்டும்தான் தெரியும். கடைசி இரண்டும் அம்மாவுடையவை. முதலாவதைப் பார்த்துவிட்டு, "இது எண்ணேலாது, ஒண்டுக்கு மேலை ஒண்டாக் கிடக்கு," என்றார். இரண்டாவதை நெடுநேரம் பார்த்தார். "இதிலை அங்கை இங்கைதான்." தாளைப் புரட்டி, ஐந்து பேரின் எண்ணிக்கையையும் என் குறிப்போடு ஒப்பிட்டார். ஐந்திலும் ஒரே பக்கம்தான் சாய்ந்திருந்தது.

"எழுதும்," என்றார். "வித்தியாசம் இருக்கு எண்டு எழுதும்."

எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அம்மா நுணுக்குக்காட்டியைக் காட்டினார். ஒரு கண்ணை மூடப் பழக்கமில்லாமல் கையால் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார். முதலில் அந்த ஊதாக் கும்பலை, பிறகு மற்றதை. பார்த்துவிட்டு நிமிர்ந்தவர், அந்த இரண்டு நாளில் முதல் தடவையாக, தீட்டாத வாயால் கதைத்தார்.

"உதெல்லாம் என்ரை வாய்க்குள்ளையோ?"

"உது போத்தலிலை வளர்த்தது அம்மா. உங்கடை வாய்க்குள்ளையும் உதுகள்தான்."

"உந்தச் சாறு போட்டால் ஒட்டாதோ?"

"ஒட்டாது. ஒட்டுறது நல்லாக் குறையும்."

"அப்ப என்ரை பல்லு நிக்குமோ?"

விரிவுரையாளர் என்னைப் பார்த்தார். ஓம் சொல்லும் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. எனக்கும் அதுதான் ஆசை. ஓம் அம்மா, நிற்கும் என்று சொல்லத்தான் இந்த வேலையையே தொடங்கினேன். ஆனால் இருக்கிறதை இல்லை என்று எழுதமாட்டேன் என்று ஊரைக் கூட்டிச் சன்னதம் ஆடியவள் நான். இல்லாததை இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்?

"இல்லை அம்மா," என்றேன். "புதுசா ஒட்ட வாறதைத்தான் மறிக்கும். ஒட்டி வேர்விட்டதை இது எடுக்காது, ரெண்டாவதிலையும் அங்கை இங்கை கிடக்குதுதானே. உங்கடை பல்லு நிக்காது."

சொன்னதும் அழுதுவிட்டேன். அம்மா தலைப்பைத் தேடினார். அது தோளிலிருந்து நழுவி மடியில் கிடந்தது. எடுத்து என் முகத்தைத் துடைத்தார், தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"பிறகேன் அழுறாய்?" என்றார். "அதையும் எழுது." விரிவுரையாளரிடம் திரும்பினார். அவர் அம்மாவைவிட வயது குறைந்தவர்தான். "தம்பி, அவள் எழுதுறதிலை ஒண்டையும் வெட்டிப்போடாதேங்கோ. இந்த நிலைமையிலை எண்டு சொல்லி ஒண்டையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கந்தசட்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிறனான் நான். எனக்கு ரெண்டு நாள் பெரிசில்லை. ஆனால் சும்மாவுக்கு இருக்கேல்லை, உள்ளதை எழுதத்தான் இருந்தனான்."

அண்ணை கிணற்றடியைக் காட்டினார். அம்மா வேப்பங்குச்சி ஒன்று முறித்துக்கொண்டு போய், வழமையைவிட நெடுநேரம் தீட்டினார். திரும்பி வந்தபோது விரிவுரையாளர் தானே கரி அடுப்பை மூட்டிப் பனங்கட்டியோடு வெறுந்தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார். அம்மா வாங்கிக் குடித்தார்.

நான் எழுதியதில் அவர் ஒரு வரியையும் வெட்டவில்லை. 'ஏற்கெனவே ஒட்டியிருப்பவற்றை இது அகற்றாது' என்பதுதான் அதன் கடைசி வரி. அடுத்த வருடம் விறைப்பூசி இல்லாமலேயே அம்மாவின் முன்பற்கள் நான்கும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து என் சைக்கிள் கரியரில் உட்கார்ந்து வந்தார். வழியில் அந்தத் தலைக்கனம் சொன்ன மூன்று பேரில் ஒருவர் மறித்து, "என்ன, வாயெல்லாம் இரத்தம்?" என்று கேட்டார். அம்மா தலைப்பை இறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, நான்கு பல்லும் இல்லாத வாயை அவருக்கு வடிவாகத் திறந்து காட்டினார்.